கதவிலிருந்து சுவருக்கு: பம்பலப்பிட்டி வீடுகளில் கரும்பச்சையின் வரலாறு

கொழும்பில் கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே காலி வீதியின் இருமருங்கும் அமைந்த பம்பலப்பிட்டியில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த ஓட்டு வீடுகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் இரட்டைக் கதவுகளும், யன்னல் தட்டுகளும், விறாந்தையின் மரத்தூண்களும், கூரை விளிம்பில் அழகுக்காக வெட்டிப் பொருத்திய பலகைகளும், வெயிலுக்கு இறக்கிவிடும் மூங்கில் தட்டிகளும் நெடுங்காலம் கரும்பச்சைத் தீந்தை, அதாவது எண்ணெயில் குழைத்த நிறப்பூச்சு, பெற்றவை. அதே வீடுகளின் சுவர்களோ உள்ளும் புறமும் வெள்ளை, வெளிர்மஞ்சள், மங்கிய நீலம் ஆகிய வெளிறிய நிறங்களைக் கடந்ததில்லை. இன்று அதே ஒழுங்கைகளில் உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிகளில் கதவு மரநிறத்திலோ வெள்ளையிலோ இருக்க, வரவேற்பறைச் சுவரொன்று தரையிலிருந்து கூரைவரை கரும்பச்சை பூசப்பெறுகிறது. இந்த இடமாற்றத்தை மாறிவரும் இரசனையின் விளைவாக மட்டும் விளக்கிவிட முடியாது. ஒரு நிறம் வீட்டின் எந்தப் பகுதியில் தங்கலாம், எந்தப் பகுதியில் தங்க இயலாது என்பதை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பின் ஆட்சி முடிந்த பிறகே கரும்பச்சை சுவருக்கு வந்தது.

கொழும்பின் பழைய சுவர் செங்கல்லாலோ, கபுக்கல் என வழங்கும் செம்புறைக் கல்லாலோ கட்டப்பட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசப்பெற்று, அதன்மேல் ஆண்டுதோறும் சுண்ணாம்புப் பால் அடிக்கப்பட்டது. அந்தச் சுண்ணாம்பின் பெரும்பகுதி கடலிலிருந்து வந்தது. தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடைப்பட்ட ஊர்களில் முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுடுவது தலைமுறைத் தொழிலாக நிலவியது. சுட்ட கல்லில் நீர் ஊற்றினால் அது கொதித்துப் பொடியாகி நீற்றுச் சுண்ணாம்பாகும். நீரில் கரைத்துச் சுவரில் அடித்தபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகும். தென்னந்தும்பாலோ, தட்டி நசுக்கிய தாழம் விழுதாலோ செய்த தூரிகையே இதற்குப் போதுமானதாக இருந்ததாலும், சுண்ணாம்பு பூஞ்சணத்தையும் சிறு பூச்சிகளையும் விலக்கியதாலும், தைப்பொங்கலுக்கு முன்னும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் வெள்ளையடிப்பது தமிழர், சிங்களவர் இருசாராருக்கும் பொதுவான வழக்கமாயிற்று.

ஆயினும் புதிதாக அடித்த சுண்ணாம்பு கடுமையான காரம். அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவுகோலில் தூய நீர் 7 என்ற இடத்தில் நிற்க, சுண்ணாம்பு நீர் 12.4 அளவுக்கு ஏறுகிறது. அத்தகைய காரத்தில் கலக்கும் நிறப்பொருள்களுள் பெரும்பாலானவை சில நாள்களில் வெளிறும், அல்லது வேறொரு நிறமாகத் திரியும். காவி, மஞ்சள்மண், விளக்குக்கரி போன்று இயற்கையிலேயே நிலைபெற்ற சில பொருள்களே தாக்குப்பிடிப்பவை. பச்சையில் அவ்வாறு தாக்குப்பிடித்தவற்றுள் முதன்மையானது ஒன்று. அது இரும்புச் சத்துள்ள களிமண் வகையைச் சேர்ந்த பச்சைமண். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த சோழர் கால ஓவியங்களைச் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் பகுத்தாய்ந்தபோது, ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டப்பட்ட அவ்வோவியங்களின் பச்சை இந்த மண்ணால் ஆனது என்பது தெரியவந்தது. சிகிரியாக் குன்றின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியங்களிலும் மண்ணின் பச்சையே உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்தும் மாறாத இந்நிறம் எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு மெலிந்ததுமாகும். எத்துணை அள்ளிக் கலந்தாலும் அது சாம்பல் படிந்த வெளிர்பச்சைக்கு மேல் அடர்வதில்லை. ஓவியன் ஓர் ஆடையின் மடிப்பைத் தீட்ட அது போதுமானது. வீட்டுச் சுவர் முழுவதையும் கருமை தோயச் செய்ய அதனால் இயலாது.

வீட்டுச் சுவருக்குப் பச்சை வேண்டியவர்கள் நாடிய வேறு இரண்டு உப்புகளும் இதே எல்லையைச் சந்தித்தன. அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பைச் சுண்ணாம்புப் பாலில் கலந்தால் அடிக்கும்போது பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டு உலர உலர இரும்பு துருவேறி, சுவர் மஞ்சட்காவியாக மாறிவிடும்.  மயில்துத்தம் எனப்படும் செப்பு உப்பைக் கலந்தால் நீலம் கலந்த வெளிர்பச்சை கிடைக்கும். அதிலுள்ள செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும் என்பது கூடுதல் நன்மை. திராட்சைக் கொடியின் நோயைத் தடுக்க 1880களில் பிரான்சில் உருவாகிப் பின்னர் உலகின் தோட்டப் பயிர்கள் பலவற்றுக்கும் பரவிய போர்தோக் கலவையும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான் என்பதை நினைத்தால், வீட்டுச் சுவரும் தோட்டப் பயிரும் ஒரே மருந்தைப் பெற்றிருப்பது புலனாகும். ஆனால் இப்பச்சையும் குளத்து நீரின் வெளிறிய நிறத்தைத் தாண்டவில்லை. ஆகவே சுண்ணாம்புச் சுவர் உள்ளவரை கரும்பச்சைக்கு அங்கே இடமிருக்கவில்லை; அதற்கு எண்ணெயும் மரமும் தேவைப்பட்டன.

எண்ணெய்த் தீந்தையை வீட்டுக் கதவுக்குப் பூசும் வழக்கம் கொழும்பில் வேரூன்றியது ஒல்லாந்தர் ஆட்சியின்போது எனக் கொள்ளப் போதிய காரணம் உண்டு. 1656 முதல் 1796 வரை கொழும்பு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வசம் இருந்தது. ஒல்லாந்து அக்காலத்தில் ஐரோப்பாவின் பெரிய தீந்தைக் கடைகளுள் ஒன்று. ஸான் ஆற்றங்கரையின் காற்றாலைகள் எண்ணெய் வித்துகளை ஆட்டியதோடு நிறக் கற்களையும் அரைத்துத் தந்தன. ஆளி விதையின் எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகித் தோல் போலப் படியும் இயல்புடையது. அதில் செப்புக் களிம்பையும் ஈய வெள்ளையையும் குழைத்து, கருமைக்காகச் சிறிது கரியும் சேர்த்துப் பூசியதே அக்காலக் கதவுப் பச்சை. செப்புத் தகடுகளைப் புளித்த திராட்சைச் சக்கையில் அடுக்கி வைத்துப் பெறும் களிம்புக்குத் தென்பிரான்சின் மொன்பெலியே நகரம் பெயர் பெற்றிருந்தது. அம்ஸ்டர்டாமின் கால்வாயோர வீடுகளில் கறுப்பை அண்டிய பச்சைக் கதவுகளை இன்றும் காணலாம். கொழும்புப் புறக்கோட்டையில் இன்று ஒல்லாந்தர் அருங்காட்சியகமாக விளங்கும் பதினேழாம் நூற்றாண்டு மாளிகையும், கொட்டாஞ்சேனையை ஒட்டிய மேட்டில் 1757இல் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயமும் காட்டும் அமைப்பு இதற்கு இயைந்ததே: தடித்த வெண்சுவர், அதில் ஆழப் பதிந்த பாரிய மரக்கதவு, கதவின் மேல் காற்றும் ஒளியும் புக விட்ட சட்டகம். வெண்சுவரின் கூச்சத்தைக் கண்ணுக்குத் தணிக்கும் நிறம் என்று பச்சையை ஐரோப்பியர் கருதினர். வெப்ப நாடுகளில் யன்னல் தட்டுகளும் தட்டிகளும் பச்சை பெற்றதற்கு இக்கருத்தும் ஒரு காரணம்.

செப்புக் களிம்பு காலப்போக்கில் பழுப்பேறும் குறையுடையது, விலையும் மிகுதி. அதன் இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்தது குரோம் பச்சை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரசிய நீலத்தையும், 1797இல் வொக்லன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் குரோமியத்தைக் கண்டறிந்ததன் பயனாகக் கிடைத்த ஈயக் குரோம மஞ்சளையும் சேர்த்து அரைத்தால், வெளிர்பச்சை முதல் கறுப்புப் பச்சை வரை எந்த அடர்வையும் மலிவாகப் பெறலாம். இங்கிலாந்தில் பிரன்ஸ்விக் பச்சை என்ற பெயருடன் இது புகைவண்டி இயந்திரங்களுக்கும் வாயில் கம்பிகளுக்கும் கடைக் கதவுகளுக்கும் பரவியது. தோட்ட அமைப்பாளர் ஹம்ப்ரி ரெப்டன், இரும்பு வேலியைக் கரும்பச்சையாக்கினால் அது செடிகொடிகளிடையே கண்ணுக்குப் புலப்படாது மறையும் என்று எடுத்துரைத்தது இதற்கு முற்பட்ட காலத்திலேயே. இந்தக் குரோம் பச்சைக்கும் சுண்ணாம்பு பகையானது. பிரசிய நீலம் காரத்தில் சிதைந்து இரும்புத் துருவின் பழுப்பாகும். குரோம மஞ்சள் காரத்தில் செம்மஞ்சளாகத் திரியும். கதவில் பல்லாண்டு நிற்கும் அதே தீந்தையைப் புதுச் சுண்ணாம்புச் சுவரில் பூசினால், மழைக்காலம் ஒன்று முடிவதற்குள் அது பழுப்புத் திட்டுகளாகக் கெட்டுப்போகும்.

இக்காலத்தில் ஐரோப்பாவில் பச்சை நிறம் அறைச் சுவருக்கு வந்த வழி துயரமானது. ஷீலே என்ற சுவீடிய வேதியியலாளர் 1775இல் உருவாக்கிய செப்பு ஆர்செனிக் பச்சையும், 1814 அளவில் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் விற்பனைக்கு வந்த மரகதப் பச்சையும் சுவர்த்தாள்களில் ஏராளமாக அச்சிடப்பட்டன. ஆர்செனிக் என்பது நம்மவர் பாஷாணம் என்று அஞ்சிய நஞ்சின் மூலப்பொருள். ஈரம் படிந்த தாளின் பசையில் வளரும் பூஞ்சணம் அந்த ஆர்செனிக்கை வாயுவாக்கி அறைக்காற்றில் விடுகிறது என்பதை இத்தாலியரான கோசியோ 1890களில் சோதனையால் காட்டினார். கொழும்பின் ஈரக்காற்றில் இத்தாள்கள் ஒட்டப்பட்டிருந்தால் விளைவு இன்னும் கொடியதாக இருந்திருக்கும். நல்வாய்ப்பாக, பசையைத் தின்னும் பூச்சியும் கறையானும் ஓதமும் சுவர்த்தாளை இங்கே நிலைக்க விடவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் வறியோருக்கு மட்டுமன்றி வசதி படைத்தோருக்கும் பொதுவாக நீடித்தது. வெள்ளைச் சுவரை வறுமையின் அடையாளமாகப் பார்ப்போர் இந்த உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து மொரட்டுவை வரையிலான கரையோரப் புகையிரதப் பாதை 1877இல் திறக்கப்பட்டதும், தென்னந்தோட்டங்களும் பெருநிலக்காரரின் வளவுகளுமாக இருந்த பம்பலப்பிட்டி குடியிருப்புப் பகுதியாக மாறத் தொடங்கியது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வகுக்கப்பட்டு, சிறு துண்டுகளில் வீடுகள் எழுந்தன. அவற்றின் முதற் குடியிருப்பாளர்களுள் பறங்கியர், அதாவது போர்த்துக்கேய, ஒல்லாந்த வழித்தோன்றல்கள், முன்னணியில் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பறங்கிய சட்டத்தரணி சார்ள்ஸ் அம்புரோஸ் லொரன்ஸின் பெயரை இங்குள்ள ஒரு வீதி தாங்கி நிற்கிறது. 1908இல் உருவான ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் கட்டடமும் தும்முல்லைச் சந்தியை அண்டி இப்பகுதியிலேயே அமைந்தது. புறக்கோட்டையின் ஒல்லாந்த வீட்டு இலக்கணம் இவ்வாறு தெற்கே நகர்ந்து, சிறிய அளவில், எழுத்தர்களும் புகையிரத ஊழியர்களும் வாழக்கூடிய வீட்டுக்கு இறங்கியது: முன்னே விறாந்தை, நடுவே கூடம், இருபுறமும் அறைகள், பின்னே முற்றமும் அடுக்களையும்.

கடலுக்கு இவ்வளவு அண்மையில் மரத்தையும் இரும்பையும் காப்பது வீட்டுக்காரரின் ஓயாத கவலை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று உப்பைச் சுமந்து நேராக இந்த ஒழுங்கைகளில் புகும். இரும்பு கறள் பிடிக்கும், மரம் வீங்கிக் கதவு சாத்த இயலாமற் போகும், இரண்டு மழைக்காலத்துக்குள் தீந்தை வெடித்து உதிரும். ஆகவே தீந்தை வேலை, ஈரம் குறைந்த தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு உரியது. ஆளி விதை எண்ணெய் உலர்வதற்கு வறண்ட காற்றும் பொறுமையும் வேண்டும். மரத்தின் கணுக்களில் பிசின் கசியாதிருக்க அரக்கு பூசி, ஈயம் கலந்த முதற்பூச்சு இட்டு, வெடிப்புகளைச் சீமைச்சுண்ணமும் எண்ணெயும் பிசைந்த புட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இடைப்பூச்சும் முடிப்பூச்சும் ஒன்று உலர்ந்தபின் ஒன்றாகக் கொடுப்பது முறை. இரும்புக் கம்பிக்கு முதற்பூச்சு கறளைத் தடுக்கும் சிவப்பு ஈயம். இத்தனை உழைப்புக்குப் பிறகு இறுதியில் வரும் நிறம் அழுக்கையும் மழைக் கறையையும் காட்டாததாக இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் விரும்பியது இயல்பே. கரும்பச்சையும் கரும்பழுப்பும் அதனாலேயே நிலைத்தன. முற்றத்து வாழைக்கும் பூச்செடிகளுக்கும் இசைந்த பச்சையே பெரும்பாலும் முதலிடம் பெற்றது எனலாம்.

எண்ணெய்த் தீந்தை மரத்தை விட்டுச் சுவரில் முதன்முதலாகக் கால்வைத்தது இடுப்பளவு உயரத்தில். நடையோரம், படிக்கட்டு, பாடசாலை வகுப்பறை, மருத்துவமனைக் கூடம், அலுவலகக் காத்திருப்பிடம் ஆகியவற்றில் தரையிலிருந்து மூன்று, நான்கு அடிவரை கரும்பச்சையோ பழுப்போ பூசி, மேலே வெள்ளையடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு இழுப்பது இலங்கையிலும் தமிழகத்திலும் பரவலான வழக்கம். எண்ணெய் தேய்த்த தலை சாய்ந்த கறையும், மழையில் நனைந்த குடை உரசிய தடமும், குழந்தைகளின் கைப்பதிவும் சுண்ணாம்பில் நிலையாகத் தங்கும். தீந்தையிலோ ஈரத்துணியால் துடைக்கப் போகும். ஆனால் இதற்கும் சுண்ணாம்பின் சம்மதம் தேவைப்பட்டது. புதுச்சுவரின் காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கி உரித்துவிடும் என்பதால், சுவர் காற்றில் இறுகி ஓர் ஆண்டேனும் கடந்த பிறகே தீந்தை பூசுவது தேர்ந்த வேலையாட்களின் நெறி. மருத்துவமனைகளில் பச்சை வேரூன்றியதற்குத் தனிக்காரணம் உண்டு: சான்பிரான்சிஸ்கோவின் அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன் 1914இல் தம் அறுவைக்கூடத்தை வெண்மையிலிருந்து கீரைப் பச்சைக்கு மாற்றினார், இரத்தத்தின் செம்மையை நெடுநேரம் நோக்கிய கண்ணுக்கு அதன் எதிர்நிறமாகிய பச்சை ஓய்வு தந்தது. அறுவைக்கூடத்துப் பச்சை பின்னர் உலகெங்கும் மருத்துவமனைச் சுவர்களுக்குப் பரவியது. வீட்டில் கரும்பச்சைச் சுவரைக் கண்டதும் மூத்தோர் சிலருக்கு மருத்துவமனை நினைவு எழுவது இதனாலேயே.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானபின் பறங்கியக் குடும்பங்கள் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர, யாழ்ப்பாணத்திலிருந்து அரச பணிக்கும் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் ஆசிரியத்துக்கும் வந்து கொழும்பில் தங்கிய தமிழ்க் குடும்பங்கள், ஏற்கெனவே வெள்ளவத்தையில் கொண்டிருந்த இருப்பை விரிவாக்கி, பம்பலப்பிட்டியின் இவ்வீடுகள் பலவற்றில் வாடகைக்கோ விலைக்கோ குடியேறின. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் வந்து தங்கும் கதிரேசன் கோயில் ஏற்கெனவே காலி வீதியில் நிலைபெற்றிருந்தது. 1951இல் தொடங்கிய பாடசாலை பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. வீட்டின் நடுவறையொன்று சுவாமி அறையாயிற்று. பச்சைக் கதவின் நிலையில் மாவிலைத் தோரணமும், வாசற்படியில் மஞ்சளும் குங்குமமும் ஏறின. கதவின் நிறத்தை மாற்றுவதற்கான தேவை எதையும் புதியவர்கள் காணவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் சுவர் வெள்ளையே. கடல் கடந்த வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய நகரத்தார் செட்டிநாட்டில் கட்டிய மாளிகைகளிலும், முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்பின் வெண்மையே சுவரின் உச்சச் சிறப்பு. செல்வம் எவ்வளவு பெருகினும் சுவரின் அழகு நிறத்தில் வேண்டப்படவில்லை, மெருகில் வேண்டப்பட்டது என்பதற்குச் செட்டிநாட்டைவிடச் சிறந்த சான்று தேடுதல் அரிது.

சுண்ணாம்பின் வீழ்ச்சி இதே பத்தாண்டுகளில் தொடங்கியது. காங்கேசன்துறையில் 1950 அளவில் உற்பத்தி தொடங்கிய சீமெந்து, சாந்துப்பூச்சில் சுண்ணாம்பின் இடத்தைப் படிப்படியாக எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் மேனாடுகளில், எண்ணெய்க்குப் பதிலாகச் செயற்கைப் பிசினின் நுண்துளிகளை நீரில் மிதக்கவிட்ட எமல்சன் தீந்தை வீட்டுப் பொருளாயிற்று. நீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும் இத்தீந்தை எண்ணெயைப் போலக் காரத்தில் சவர்க்காரமாகாது. சுவரின் ஈரம் ஓரளவு வெளியேறவும் இடம் தரும். மூன்றாவது மாற்றமே பச்சைக்கு உரியது. ஸ்கொட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் 1928இல் தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு நீலப்பொருளிலிருந்து தாலோசயனீன் நீலம் 1935இல் சந்தைக்கு வந்தது. அதில் குளோரினைச் சேர்த்துப் பெற்ற தாலோ பச்சை 1938இல் தொடர்ந்தது. காரம், வெயில் இரண்டுக்கும் அஞ்சாததும், சிறிதளவிலேயே பெரும் அடர்வு தருவதுமான ஒரு பச்சை மனிதர் கைக்கு எட்டியது அப்போதுதான். தஞ்சை ஓவியனுக்குக் கிடைத்த உறுதியும் அம்ஸ்டர்டாம் கதவுக்காரனுக்குக் கிடைத்த கருமையும் ஒரே பொருளில் சேர்ந்தன.

எனினும் கொழும்புச் சுவர் உடனே கறுக்கவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால் விரும்பிய நிறத்தைத் தேர்ந்து வாங்கும் வாய்ப்பு எல்லோருக்கும் சுருங்கியிருந்தது. மேலும், இக்காலத்தின் முதன்மைக் கட்டடக் கலைஞரான ஜெப்ரி பாவா வெள்ளைச் சுவருக்குப் புதிய மதிப்பைத் தந்தார். பகத்தலை வீதியின் 33ஆம் ஒழுங்கையில், பம்பலப்பிட்டிக்கு அண்மையில், வரிசையாக நின்ற சிறிய வீடுகளை 1958 தொடங்கி ஒவ்வொன்றாகப் பெற்று அவர் இணைத்து அமைத்த இல்லம், வெண்சுவர்களுக்கிடையே வானிலிருந்து இறங்கும் ஒளியையே அலங்காரமாகக் கொண்டது. அவருடைய வட்டத்தைச் சேர்ந்த பார்பரா சன்சோனி 1964இல் நிறுவிக் காலி வீதியில் புகழ்பெற்ற பெயார்புட் கைத்தறி நிலையத்தில் அடர்ந்த நிறங்கள் நூலிலும் துணியிலும் விளையாடின. அத்துணிகள் துலங்க வெள்ளைச் சுவரே தக்க பின்புலம். வசதியுள்ளோரின் இரசனை இவ்வாறு வெண்மையைப் பற்றி நின்றதால், சாத்தியமான பிறகும் கரும்பச்சை சில பத்தாண்டுகள் காத்திருந்தது.

இந்த வரலாற்றை நேரில் படிக்க உதவும் வீடுகள் பல இன்று இல்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் தேடித்தேடி எரிக்கப்பட்டன; உயிரும் உடைமையும் இழந்து, எஞ்சியோர் அகதிகளாகிக் கப்பலிலும் விமானத்திலும் ஊரைவிட்டு அகன்றனர். அந்த இழப்பின் அளவுக்கு முன் கதவின் நிறம் பற்றிய பேச்சு சிறியதுதான். ஆயினும் ஒரு சமூகம் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கான பொருட்சான்றுகளும் அத்தீயிலேயே அழிந்தன என்பதைப் பதிவு செய்யாமல் இருப்பது அவ்வாழ்வுக்குச் செய்யும் இரண்டாம் அநீதியாகும். தீக்குத் தப்பிய வீடுகளையும் பின்னர் நிலத்தின் விலை உயர்வு ஒவ்வொன்றாக விழுங்கியது. ரொனால்ட் லூக்கொக், பார்பரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க ஆகியோர் 1998இல் வெளியிட்ட இலங்கைக் கட்டட ஆய்வுநூல் பழைய வீடுகளின் வடிவத்தைக் கோட்டோவியங்களில் காத்துத் தந்திருக்கிறது. கோட்டோவியத்தில் நிறம் தங்காது.

நிறத்தைக் காக்க வழி இன்னும் முற்றாக அடைபடவில்லை. ஒரு பழைய கதவில் நூறாண்டுத் தீந்தை பல படைகளாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்; பிணைச்சலின் அடியிலும், தாழ்ப்பாள் தகட்டின் பின்னும், யாரும் தேய்க்காத மேல்விளிம்பிலும் அவை சிதையாமல் இருக்கும். கூரிய கத்தியால் சிறு துண்டு பெயர்த்து, குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், வீடு அணிந்த நிறங்களின் வரிசை முழுவதும் தெரியும். இடித்த வீட்டின் கதவுகளை வாங்கி, தீந்தையைச் சுரண்டி, மரத்தை வெளிக்காட்டி விற்பதும் வாங்குவதும் இன்று பெருவழக்காகியிருக்கின்றன. அவ்வாறு சுரண்டுகையில் ஆவணம் போவதோடு, ஈயம் கலந்த தூசும் சுரண்டுபவரின் நுரையீரலுக்குள் செல்கிறது. குரோம் பச்சையின் மஞ்சட்பாதி ஈயக் குரோமம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இலங்கையில் எனாமல் தீந்தையின் ஈய அளவு பத்துலட்சத்தில் 600 பங்குக்கு மேற்படலாகாது என்ற கட்டுப்பாடு 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவு எதுவும் இந்த வரம்பை அறியாதது. பழைய பச்சையை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ தீச்சுடரால் உரிக்கவோ கூடாது. நனைத்துத் தேய்ப்பதும், சிறுவரை அகற்றி வைப்பதும், கூடுமானால் பழைய படைகளை அப்படியே விட்டு மேலே பூசுவதும் பாதுகாப்பானவை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கரும்பச்சை அறைச் சுவராக நிலைபெற்றது இந்த நூற்றாண்டின் நிகழ்வு. கணினி அளந்து கலந்து தரும் எமல்சனில் வேண்டிய அடர்வு சில நிமிடங்களில் கிடைக்கிறது. பித்தளை விளக்கும் பிரம்புக் கதிரையும் தேக்கு அலுமாரியும் அந்தப் பின்னணியில் எடுப்பாகத் தோன்றுகின்றன. ஆனால் வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பித் தர, கரும்பச்சை பத்தில் ஒரு பங்கைக்கூடத் தருவதில்லை. பக்கத்துக் கட்டடம் மறைத்த சிறு அறையில் இதனால் பகலிலும் விளக்கு எரிய நேரும். கடல் ஈரம் இன்றும் தன் வேலையை விடவில்லை. சீமெந்துச் சுவரில் ஓதம் ஏறி நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் உப்பு வெளியே வெண்பொடியாகப் படிகிறது. இதனைக் கொத்தர்கள் உப்புப் பூத்தல் என்பர். வெள்ளைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூப்பு, கரும்பச்சையில் முதல் நாளே தெரியும். கடலை நோக்கிய மேற்குச் சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும் இதற்கு எளிதில் இரையாகின்றன. வெளிக்காற்றும் மழையும் படாமல் இரண்டு அறைகளைப் பிரிக்கும் உட்சுவரே இந்நிறத்துக்கு ஏற்ற இடம். அங்கும் புதிய சாந்து பல வாரங்கள் உலர்ந்து, காரத்தைத் தாங்கும் முதற்பூச்சு பெற்ற பிறகே பச்சையைப் பூசுதல் வேண்டும்.